கரையேறிய படகில் தங்கிவிடும் தண்ணீர்

மின்னசோட்டா, அமெரிக்காவின் வடக்கு எல்லையில் உள்ள மாநிலம். 10 ஏக்கருக்கு மேல் பரப்புள்ள ஏரிகள் மட்டுமே அங்கே 11,842 இருக்கின்றன. பதிவான படகுகள் 8 லட்சத்துக்கும் அதிகம். அவற்றில் மிகப் பல 5, 6 மீட்டர் நீளமுள்ள சிறு படகுகள். மீன் பிடிக்கவும், விடுமுறையில் குடும்பத்தோடு ஏரியில் சுற்றிவரவும் மக்கள் வைத்திருப்பவை. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லரில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோவார்கள். பொழுது முடிந்ததும் அதே டிரெய்லரில் வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்திலோ கொட்டகையிலோ நிறுத்துவார்கள். நவம்பரில் ஏரிகள் உறையத் தொடங்கிவிடும். அதற்குள் கரையேறும் படகு மறுபடி நீரைத் தொட ஏப்ரல் கடைசியோ மே மாதமோ ஆகிவிடும்.

இங்கேதான் புதிர் தொடங்குகிறது. கோடை முழுக்க அந்தப் படகு அலையில் மோதுகிறது, வெயிலில் காய்கிறது, முழு வேகத்தில் நீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. ஒன்றும் ஆவதில்லை. பிறகு ஆறு மாதம் வீட்டு வாசலில் அசையாமல் நிற்கிறது. வசந்தத்தில் மூடியை விலக்கிப் பார்த்தால் இரும்பு என்ஜின் நெடுக வெடித்திருக்கும். பேட்டரி உப்பிப் பிளந்திருக்கும். பெட்ரோல் இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கும். இருக்கைகளில் கரும்பூஞ்சை படர்ந்திருக்கும். ஓடியபோது கெடாத படகு ஓய்வில் ஏன் கெடுகிறது?

ஒவ்வொரு சேதத்துக்கும் ஒரு தனிக் காரணம் இருப்பதுபோலத் தோன்றும். தோண்டிக்கொண்டே போனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பொருள்தான் இருக்கிறது: தண்ணீர். படகை மிதக்கவைத்த ஏரித் தண்ணீரல்ல; படகுக்குள் சிக்கி, வெளியேற வழியில்லாமல் தங்கிவிட்ட தண்ணீர். நீர் புகாதபடி செய்த உடல், புகுந்துவிட்ட நீரை வெளியேயும் விடாது. வீட்டில் படகு நிறுத்துவதன் அறிவியல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. ஆனால் தங்கிய நீரைத் தேடிப் போவதற்கு முன், நீங்கிப் போன நீர் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

தாங்கிய நீர் போனபின்

நீரில் மிதக்கும் படகின் எடையை நீர் தாங்குகிறது. இது ஆர்க்கிமிடீஸ் காலத்திலிருந்து தெரிந்ததுதான். எப்படித் தாங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நனைந்திருக்கும் அடிப்பரப்பு முழுவதையும் நீர் ஏறத்தாழச் சீராக மேல்நோக்கி அழுத்துகிறது. 1,000 கிலோ எடையுள்ள படகின் அடிப்பரப்பு 5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் வெறும் 20 கிராம் எடையைத்தான் சுமக்கிறது.

டிரெய்லரில் ஏற்றியதும் கணக்கு மாறுகிறது. படகு இப்போது கம்பளம் சுற்றிய இரண்டு நீளப் பலகைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பலகைகள் தொடும் இடத்தில் அழுத்தம் ஏறத்தாழ பத்து மடங்காகிறது. சில டிரெய்லர்களில் பலகைக்குப் பதில் ரப்பர் உருளைகள் இருக்கும். படகை ஏற்றி இறக்க அவை வசதியானவை. ஆனால் ஒவ்வொரு உருளையும் சில சதுர சென்டிமீட்டர் இடத்தில்தான் படகைத் தொடுகிறது. அங்கே அழுத்தம் நூறு மடங்கைத் தாண்டிவிடும்.

இந்தப் படகுகளில் பல, கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் செய்தவை. தமிழகக் கடற்கரையில் நாம் ஃபைபர் படகு என்று சொல்வதும் இதே பொருள்தான். பிசினுக்கு ஒரு குணம் உண்டு. சிறிது நேரம் அழுத்தினால் தாங்கிக்கொண்டு பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தினால் மெல்ல மெல்ல இடம்கொடுத்து, பிறகு திரும்பாமலே போய்விடும். பொறியியலில் இதை ஊர்வு என்று சொல்லலாம். ஊர்ந்து குழிந்த அடிப்பரப்பு நீரில் வேகமாக ஓடும்போது படகின் முகப்பைக் கீழே அழுத்துகிறது, வேகம் குறைகிறது. அதனால்தான் பலகைகள் படகின் பின்சுவர் வரை நீண்டிருக்க வேண்டும் என்கிறார்கள். மோட்டாரின் எடை முழுவதும் அங்கேதான் தொங்குகிறது. பலகை ஓர் அடி குறைவாக இருந்தால், படகின் பின்பகுதி ஆறு மாதமும் அந்தரத்தில் வளைந்துகொண்டே இருக்கும்.

மழையை ஏந்தும் படகு

இனி, தங்கும் நீர். அதில் மிக எளிதானது மழை. உள்தளம் 4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்று கொள்வோம். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் உள்ளே சேர்வது 600 லிட்டர். எடையில் 600 கிலோ. படகின் எடையோடு இன்னும் கொஞ்சம் தாங்கத்தான் டிரெய்லர் செய்யப்பட்டிருக்கிறது. இந்தக் கூடுதல் சுமையில் அச்சு வளையலாம், டயர் நசுங்கலாம். பலகை தொடும் இடங்களில் மேலே சொன்ன அழுத்தம் இன்னும் ஏறும்.

இதற்கென்றே படகின் பின்சுவரின் அடியில் ஒரு சிறு துளை இருக்கிறது. அதை ஒரு திருகு மூடி அடைத்திருக்கும். நீரில் இருக்கும்போது அது அடைந்திருந்தே ஆக வேண்டும். கரையில் இருக்கும்போது அது திறந்தே இருக்க வேண்டும். டிரெய்லரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தினால், உள்ளே வரும் ஒவ்வொரு சொட்டும் பின்னோக்கி ஓடி அந்தத் துளை வழியாக வெளியேறும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு மூடியைக் கழற்றாததால் ஏற்படும் சேதத்தைவிட எளிதாகத் தடுக்கக்கூடிய சேதம் படகில் வேறில்லை.

இரும்பைப் பிளக்கும் பனிக்கட்டி

கண்ணுக்குத் தெரியும் நீரை வடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்பதுதான் ஆபத்து. படகின் உள்ளே பொருத்தப்பட்ட என்ஜின்கள் பெரும்பாலும் கார் என்ஜினின் உறவுக்காரர்கள். காரில் ரேடியேட்டர் செய்யும் வேலையை இங்கே ஏரியே செய்கிறது. ஒரு பம்பு ஏரி நீரை உறிஞ்சி, என்ஜினின் வார்ப்பிரும்புச் சுவர்களுக்கு நடுவே உள்ள குறுகிய பாதைகளில் ஓடவிட்டு, சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி ஏரியில் கொட்டுகிறது. படகு கரையேறிய பிறகும் அந்தப் பாதைகளின் தாழ்ந்த மூலைகளில் நீர் நிற்கும். ஜனவரி இரவுகளில் மின்னசோட்டாவின் வெப்பநிலை −20°C-க்குக் கீழே போவது சாதாரணம்.

எல்லாப் பொருள்களும் குளிர்ந்தால் சுருங்கும் என்று படித்திருக்கிறோம். நீரும் 4°C வரை அப்படித்தான் சுருங்குகிறது. அதற்குக் கீழே போனதும் விரியத் தொடங்கி, உறையும்போது சட்டென்று 9 சதவீதம் பெருக்கிறது. காரணம், நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் விதம். திரவ நிலையில் அவை பிடித்தும் விட்டும் நெருக்கியடித்துக்கொண்டு திரிகின்றன. உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு என்ற கட்டினால் இறுகி, குறிப்பிட்ட கோணத்தில் நின்றாக வேண்டும். அப்படி நிற்கும்போது நடுவே அறுகோண வடிவில் வெற்றிடங்கள் விழுகின்றன. எக்ஸ் கதிர்களைப் பனிக்கட்டிக்குள் செலுத்தி, அவை சிதறும் விதத்திலிருந்து 1920களில் வில்லியம் பிராக் போன்ற இயற்பியலாளர்கள் இந்த அமைப்பை வரைந்துகாட்டினார்கள்.

அந்த 9 சதவீதத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பது அதற்கு வெகுமுன்னரே தெரிந்துவிட்டது. 1784, 1785 ஆண்டுகளின் குளிர்காலத்தில் கனடாவின் கியூபெக் நகரில் எட்வர்டு வில்லியம்ஸ் என்ற பீரங்கிப் படை அதிகாரி, உள்ளே குடைவான இரும்புக் குண்டுகளில் நீரை நிரப்பி, வாயில் இரும்பு முளையை அடித்து இறுக்கி, வெட்டவெளியில் வைத்தார். உள்ளே நீர் உறைந்ததும் ஒரு குண்டின் முளை பிய்த்துக்கொண்டு 400 அடிக்கு அப்பால் போய் விழுந்தது. முளை பிடிவாதமாக நின்ற குண்டில் இரும்பே பிளந்து, விரிசலிலிருந்து பனிக்கட்டி வெளியே பிதுங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்சி பிரிட்ஜ்மேன் இதை அளந்தே காட்டினார். நீரை உறையவிடாமல் −22°C வரை அடக்கிவைக்க ஏறத்தாழ 2,000 வளிமண்டல அழுத்தம் தேவை. உயர் அழுத்த ஆய்வுகளுக்காக 1946-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்த வார்ப்பிரும்பு என்ஜினும் அத்தனை அழுத்தத்தைத் தாங்காது. வார்ப்பிரும்பு நீளாது, வளையாது, வெடிக்கத்தான் தெரியும்.

குறுகிய வழிகள் முதலில் உறைவது நிலைமையை மோசமாக்குகிறது. வாசலில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டபின், உள்ளே மிச்சமிருக்கும் நீர் பெருக இடமின்றிச் சுவரைத் தள்ளுகிறது. ஆகவே முதல் வேலை, என்ஜினின் வடிகால் மூடிகள் ஒவ்வொன்றையும் திறந்து நீரை வெளியேற்றுவது. துரு அடைத்திருந்தால் கம்பியால் குத்திப் பார்ப்பதும் அந்த வேலையில் சேர்த்திதான். அதன் பிறகுதான் உறைதடுப்பு நீர்மம் ஊற்ற வேண்டும். வடிக்காமல் ஊற்றினால் பழைய நீரோடு கலந்து அது நீர்த்துப்போய்விடும். இதற்குப் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற வகையையே வாங்க வேண்டும். காரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய நஞ்சு; வசந்தத்தில் ஏரிக்கோ வாசலுக்கோ வடியும்போது நாய், பூனைகளைக் கொன்றுவிடும். சரியான செறிவுள்ள புரொப்பிலீன் கிளைக்கால் கடுங்குளிரில் கூழாகுமே தவிரக் கல்லாகாது. கூழுக்கு நகர இடம் உண்டு. இரும்பைப் பிளக்க வலு இல்லை.

படகின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தினால் குளிர்விக்கும் நீர் தானாகவே வடிந்துவிடும். அதன் அடியில் உள்ள பற்சக்கரப் பெட்டியை மட்டும் மறக்கக் கூடாது. படகை உந்தும் விசிறியின் அச்சில் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு அங்குள்ள ரப்பர் அடைப்பை அறுத்துவிட்டிருந்தால், எண்ணெயில் நீர் கலந்திருக்கும். நீர் எண்ணெயைவிடக் கனமானது. அடியில் போய்த் தங்கி, உறைந்து, பெட்டியைப் பிளக்கும். இலையுதிர்காலத்திலேயே எண்ணெயை வடித்துப் பார்த்தால் பால் நிறம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அமிலம் நீராகும் பேட்டரி

பேட்டரிக்குள் இருப்பது அமிலம்தானே, அது எப்படி உறையும்? 1859-ல் காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரியின் வேதியியலில் இதற்கு விடை இருக்கிறது. மின்சாரம் எடுக்க எடுக்க, கந்தக அமிலம் ஈயத் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. மிஞ்சும் கரைசலில் நீர் கூடுகிறது. முழுதாக மின்னேற்றிய பேட்டரியின் கரைசல் −50°C-க்கும் கீழே போனால்தான் உறையும். முழுக்கக் காலியான பேட்டரி ஏறத்தாழ −10°C-லேயே உறைந்துவிடும். அதன் கரைசல் அப்போது தண்ணீருக்கு அவ்வளவு நெருங்கிவிட்டது. ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவியைக் கரைசலில் விட்டால் இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். அமிலம் செறிந்த கரைசலில் மிதவை உயர்ந்து நிற்கும், நீர்த்ததில் தாழும்.

வானொலியின் நினைவகம், தானாக ஓடும் பம்பு என்று படகில் சில கருவிகள் அணைத்த பிறகும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். முழுதாக மின்னேற்றி, வயரைக் கழற்றிவிட்டால் போதும். குளிரில் வேதிவினைகள் மெதுவாகின்றன. தானாகக் காலியாவதும் மெதுவாகிறது. அதனால் மின்னேற்றிய பேட்டரிக்குக் குளிர் பகையல்ல. ஏற்கெனவே உறைந்துபோன பேட்டரியில் மட்டும் ஒருபோதும் மின்னேற்றக் கூடாது; அது வெடிக்கக்கூடும்.

இரண்டாகப் பிரியும் பெட்ரோல்

பெட்ரோலும் நீரும் சேராது. பழைய நாட்களில் தொட்டிக்குள் சிறிது நீர் போனால் அடியில் தங்கும். வடிகட்டியில் பிடித்து எறிந்துவிடலாம். இப்போது அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் மூலக்கூறின் ஒரு முனை பெட்ரோலோடும் மறுமுனை நீரோடும் ஒத்துப்போகும். அதனால் சிறிதளவு நீரைப் பெட்ரோலுக்குள்ளேயே கரைத்துவைக்க முடிகிறது. மிதமான வெப்பநிலையில் அந்த அளவு ஏறத்தாழ அரை சதவீதம். 100 லிட்டருக்கு அரை லிட்டர். வெப்பநிலை குறையக் குறைய இந்த அளவும் குறையும். செப்டம்பரில் கரைந்து கிடந்த நீருக்கு டிசம்பரில் இடம் இல்லாமல் போகலாம்.

எல்லையைத் தாண்டினதும் எத்தனால் கட்சி மாறுகிறது. நீரோடு சேர்ந்துகொண்டு பெட்ரோலை விட்டுவிட்டு அடியில் போய்த் தங்குகிறது. இதை அடுக்குப் பிரிவு என்று சொல்வோம். என்ஜினுக்கு எரிபொருளை எடுக்கும் குழாய் தொட்டியின் அடியில்தான் இருக்கிறது. அதற்குக் கிடைப்பது நீரும் எத்தனாலும் கலந்த, என்ஜினை அரிக்கும் கலவை. மேலே மிதக்கும் பெட்ரோலோ எத்தனாலை இழந்து தரம் குன்றியது. எரிபொருளைச் சோதிப்பவர்கள் இதைத் தெளிவாகக் காட்டுவார்கள். அளவுகோடு போட்ட கண்ணாடிக் குழாயில் பெட்ரோலோடு குறித்த அளவு நீரைச் சேர்த்துக் குலுக்கி வைத்தால், அடியில் தெளியும் அடுக்கு ஊற்றிய நீரைவிட உயரமாக இருக்கும். அந்தக் கூடுதல் உயரம், பெட்ரோலிலிருந்து இறங்கிவந்த எத்தனால்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? தொட்டி பாதி காலியாக இருந்தால், உள்ளே உள்ள காற்றின் ஈரம் படிந்து நீராகச் சேரும் என்பது பலரும் சொல்லும் விளக்கம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20°C-ல் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் வைத்திருக்கும். 100 லிட்டர் தொட்டி பாதி காலி என்றால், உள்ளே உள்ள 50 லிட்டர் காற்றில் இருக்கும் நீர் ஒரு கிராம்கூட இல்லை. இரவில் காற்று சுருங்கி, வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது என்றாலும் 10 டிகிரி குளிர்ச்சிக்கு உள்ளே வருவது 2 லிட்டர் அளவுதான். இருநூறு இரவுகள் அப்படி இழுத்து, வந்த ஈரமெல்லாம் உள்ளேயே தங்கினாலும் சேர்வது 7 கிராம். அடுக்குப் பிரிய வேண்டுமானால் மிச்சமுள்ள 50 லிட்டர் பெட்ரோலுக்கு 250 கிராம் தேவை. எனவே உண்மையான வழி வேறு. படகில் எரிபொருள் ஊற்றும் வாய் மேல்தளத்திலேயே இருக்கிறது. அதன் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால், ஒரு நல்ல மழையோ உருகும் பனியோ கால் லிட்டரை எளிதாக இறக்கிவிடும். சில ரூபாய் பெறும் அந்த வளையத்தை மாற்றுவதே முதல் காப்பு.

நீர் ஒருபுறமிருக்க, பெட்ரோல் தானாகவே காற்றோடு வினைபுரிந்து பிசுபிசுப்பாகும். அதற்கு நிலைப்படுத்தி என்ற மருந்தைக் கலந்து, அது என்ஜின் முழுக்கப் போய்ச் சேரும்வரை சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். மின்னசோட்டாவில் எல்லாப் பெட்ரோலிலும் எத்தனால் கலக்கச் சட்டம் உண்டு. ஆனால் படகு, பழங்கால வாகனம் போன்றவற்றுக்காக எத்தனால் இல்லாத உயர்தரப் பெட்ரோலை விற்க அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. நீண்ட நாள் நிற்கும் எரிபொருளின் சிக்கலைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. இந்தியாவில் இப்போது 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பரவியிருக்கிறது. மழையில் வாரக்கணக்கில் நிற்கும் வாகனத்தின் பெட்ரோல் மூடியைப் பற்றி நம் வீடுகளிலும் கவனம் வேண்டும்.

ஏரியை உறிஞ்சும் சக்கரம்

நெடுஞ்சாலையில் ஓடிவந்த டிரெய்லரின் சக்கரக் குடம் சூடாக இருக்கும். உள்ளே பேரிங், கிரீஸ், கொஞ்சம் காற்று. படகை இறக்குவதற்காக டிரெய்லரைப் பின்னோக்கி ஏரிக்குள் தள்ளும்போது அந்தக் குடம் குளிர்ந்த நீரில் மூழ்குகிறது. சூடான சோற்றை எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடினால், ஆறிய பிறகு மூடி திறக்க வராது. உள்ளே காற்று சுருங்கி, வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்திருக்கும். சக்கரக் குடத்திலும் இதேதான் நடக்கிறது. 70°C-லிருந்து 20°C-க்கு இறங்கும் காற்று ஏறத்தாழ 15 சதவீதம் சுருங்கும். ஆனால் இங்கே வெளியே இருப்பது காற்றல்ல, ஏரி. ரப்பர் அடைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் நீர் உள்ளே போய்விடும்.

ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தில் அந்த நீர் கிரீஸோடு கலந்து சுற்றிக்கொண்டிருக்கும். நிற்கும் சக்கரத்தில் அது உருளைகள் தொடும் கோடுகளில் ஆறு மாதம் தங்கும். கெட்ட பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் வளையத்தில் துருக்கோடுகள் சம இடைவெளியில் விழுந்திருக்கும். அந்த இடைவெளி உருளைகளுக்கிடையே உள்ள தூரத்துக்குச் சரியாக இருக்கும். ஓடித் தேய்ந்த பேரிங்கில் இப்படி விழாது. இது நின்று கெட்டதன் கையெழுத்து. ஆகவே கிரீஸ் மாற்றும் வேலையை வசந்தத்துக்குத் தள்ளாமல், படகை நிறுத்துவதற்கு முன்பே செய்ய வேண்டும். கோடையில் ஏரிக்குப் போனதும் குடத்தைத் தொட்டுப் பார்த்து, சூடு தணிந்தபின் நீரில் இறக்குவதும் அவ்வளவே முக்கியம்.

தார்ப்பாய்க்குள் உருவாகும் நீர்

எல்லாவற்றையும் வடித்து, காயவைத்து, மழை படாமல் தார்ப்பாயால் தரைவரை இறுக்கிக் கட்டிவிட்டோம். வசந்தத்தில் திறந்தால் உள்ளே சொட்டுச் சொட்டாக நீர், பூஞ்சை வாடை. ஓட்டையே இல்லாத தார்ப்பாய்க்குள் இந்த நீர் எப்படி வந்தது?

விடை பனித்துளியில் இருக்கிறது. அது வானத்திலிருந்து விழுகிறது என்று ஒரு சாராரும், பூமியிலிருந்து எழுகிறது என்று மறுசாராரும் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் இதைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். சம எடையுள்ள கம்பளிக் கொத்துகளை இரவில் தோட்டத்தில் வைத்தார்: ஒன்று உயர்த்திய பலகையின் மேல், இன்னொன்று அதே பலகையின் அடியில். காலையில் நிறுத்தபோது வானத்தைப் பார்த்திருந்த கொத்து மிக அதிக நீரை ஏற்றிருந்தது. தெளிந்த இரவில், வானத்துக்குத் திறந்த பொருள் தன் வெப்பத்தைக் கதிராக வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. அதைத் தொடும் காற்றும் குளிர்கிறது. காற்றால் தன் ஈரத்தை வைத்திருக்க முடியாத அளவுக்குக் குளிரும் அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். அதற்குக் கீழே ஈரம் அந்தப் பரப்பில் நீராகப் படிகிறது. 1814-ல் வெளியான இந்த ஆய்வுக்கு ராயல் சொசைட்டி ரம்ஃபோர்டு பதக்கம் அளித்தது.

தார்ப்பாய் வெல்ஸின் கம்பளியைப் போலவே இரவு முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. படகுக்கு அடியில் புல்தரையோ மண்ணோ இருந்தால் அதிலிருந்து ஈரம் எழுந்துகொண்டே இருக்கும். தரைவரை கட்டிய பாய் அந்த ஈரத்தை வெளியே விடாது. குளிர்ந்த பாயின் உட்புறத்தில் அது படிந்து, படகுக்குள் சொட்டுகிறது. மழையைத் தடுக்கக் கட்டிய பாயே நீரைச் செய்கிறது.

இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேற வழி விட்டே மூட வேண்டும். இரண்டு, மண்ணில் நிறுத்துவதாயிருந்தால் அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும். மூன்று, சுவரே இல்லாத வெறும் கூரை மிக நல்ல காப்பு. அது மழையை மட்டுமல்ல, வானத்தையும் மறைக்கிறது; அதன் அடியில் உள்ள பொருள் அவ்வளவு குளிராது. நாலுபுறமும் அடைத்த, காற்றோட்டமில்லாத அறையைவிடத் திறந்த கொட்டகை மேல். கொட்டகை இல்லாதவர்கள், பாயை நடுவில் ஒரு நீளக் கழியால் தூக்கிச் சரிவாகக் கட்ட வேண்டும். தளர்வான புதுப் பனி 30 சென்டிமீட்டர் விழுந்தாலே சதுர மீட்டருக்கு 30 கிலோ ஏறும். படிந்து இறுகினால் எடை இன்னும் கூடும்.

துளை வழியே மரத்துக்கு

ஃபைபர் படகு முழுக்க ஃபைபர் அல்ல. மோட்டாரைத் தாங்கும் பின்சுவருக்குள் பல படகுகளில் ஒட்டுப்பலகை இருக்கிறது. யாரோ என்றோ போட்ட ஒரு திருகின் துளை வழியாக நீர் அதற்குள் இறங்கினால் வெளியே வர வழியில்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும்வரை மரத்தை உளுக்கச்செய்யும் பூஞ்சை வளராது. அதற்கு மேல் போய்விட்டால் வெளியே பளபளக்கும் சுவருக்குள் மரம் மாவாகிக்கொண்டிருக்கும். பழகிய படகுப் பணியாளர்கள் சிறு பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். நனைந்தது மந்தமாகச் சத்தமிடும். தட்டிக் காணும் இந்தச் சோதனையைத் திருகுத் துளைகளுக்குப் புது அடைப்புப் பசை போடும் வேலையோடு சேர்த்துச் செய்யலாம்.

ஃபைபரின் வெளிப்பூச்சும் முழுக்க நீர் புகாதது அல்ல. நாள்கணக்கில் நீரில் கிடந்தால் நீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக ஊடுருவும். உள்ளே பிசினில் மிஞ்சியிருக்கும் வேதிப்பொருள்களைக் கரைத்து, சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுத்து, கொப்புளங்கள் எழுப்பும். வருடம் முழுக்கத் துறையில் மிதக்கும் படகுகளின் நோய் இது. டிரெய்லர் படகு உலரும் நேரம் அதிகம் என்பதால் இதிலிருந்து பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. வீட்டில் நிறுத்துவதன் பெரிய லாபம் இதுதான்.

சொட்டு நீரில் பயணிக்கும் சிப்பி

இதுவரை படகுக்கு வரும் தீங்கைப் பேசினோம். தங்கிய நீர் ஏரிகளுக்கும் தீங்கு செய்கிறது. கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைச் சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி, கப்பல்களின் சமநிலை நீரில் அட்லாண்டிக்கைக் கடந்து வந்தது. 1988-ல் அமெரிக்க, கனடா எல்லையில் உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் அது கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே மின்னசோட்டாவின் டுலுத் துறைமுகத்தில் இருந்தது. குழாய்களை அடைத்து, ஏரியின் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்று, மீன்களின் உணவுச் சங்கிலியையே குலைக்கும் சிப்பி இது. அதன் இளம்பருவம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மீனை உயிரோடு வைக்கும் தொட்டியில் மிஞ்சிய ஒரு கோப்பை நீர் அதற்குப் போதும்.

2007 ஜனவரியில், அதன் நெருங்கிய உறவான குவாகா சிப்பி நெவாடா பாலைவனத்தின் மீட் நீர்த்தேக்கத்தில் கண்டறியப்பட்டது. அமெரிக்க, கனடா எல்லையின் பேரேரிகளிலிருந்து அங்கே நீர்வழி எதுவும் கிடையாது. நெடுஞ்சாலை வழியாக ஒரு டிரெய்லர் படகுதான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. இன்று மின்னசோட்டாவில் வடிகால் மூடியைக் கழற்றாமல் படகைப் பொதுச்சாலையில் இழுத்துப்போவது சட்டப்படி குற்றம். வீடு வந்ததும் சுத்தம் செய்து, வடித்து, வேறு ஏரிக்குப் போகும் முன் குறைந்தது ஐந்து நாள் உலர விடுவது நல்லது. படகை உலர்வாக வைப்பவர் தன் பணத்தை மட்டுமல்ல, தான் போகும் ஏரியையும் காக்கிறார்.

மூடுவதற்கு முன்

என்ஜின், பேட்டரி, எரிபொருள், சக்கரம், மரம், மூடுபாய் என்று ஆறு இடங்களைப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் இயற்பியலும் வேதியியலும் வேறு. உறைவு, நீர்த்தல், அடுக்குப் பிரிவு, காற்றுச் சுருக்கம், பூஞ்சை, பனிநிலை. கேட்க வேண்டிய கேள்வி மட்டும் ஒன்றே: இங்கே நீர் இருக்கிறதா, இருந்தால் வெளியேற வழி எது? இதைக் கேட்டுக்கொண்டே படகைச் சுற்றி ஒருமுறை நடந்தால், விலை உயர்ந்த பாதுகாப்புச் சாதனங்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நீரைப் போலவே பெட்ரோல் ஆவியும் தாழ்ந்த இடத்தைத் தேடும். அது காற்றைவிடக் கனமானது. வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் படகை நிறுத்துபவர்கள், தரையருகே தீச்சுடர் எரியும் வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அறையில் அதை வைக்கவே கூடாது. மற்ற வேலைகளுக்கு ஒரு வார இறுதி போதும். அதை முதல் உறைபனிக்கு முன்னால் ஒதுக்குங்கள். வெடித்த என்ஜினை எந்த வசந்தமும் சரிசெய்யாது.